துலக்காத காசு

நம் ஊர் நகைக் கடைகளில் பொன்னைப் 'பவுன்' என்றும் 'சவரன்' என்றும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். இவ்விரண்டுமே ஒரு நாணயத்தின் பெயர்கள் என்பதை இன்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இங்கிலாந்து நாட்டின் பொற்காசாகிய 'சாவரின்' 7.988 கிராம் எடையுள்ளது. அதுவே நம் வழக்கில் எட்டுக் கிராம் என முழுமை பெற்றது. அக்காசு புழக்கத்தினின்று நீங்கிப் பல தலைமுறைகள் ஆகியும், அதன் பெயர் நம் நாவிலும், அதன் எடை நம் தராசிலும் நிலைத்துவிட்டன.

பெயரளவில் மட்டுமல்லாது பொருளாகவும் பழங்காசுகள் நம் இல்லங்களில் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. மரப்பெட்டியின் அடியில், மஞ்சள் துணி முடிச்சுக்குள், பாட்டியின் சுருக்குப் பையில் அவை கிடக்கும். விக்டோரியா அரசியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய், முடி சூடாத தலையுடன் ஏழாம் எட்வர்டு மன்னர், முடி சூடிய தலையுடன் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், நடுவில் துளையிட்ட காலணா எனப் பலவும் அதில் இருக்கும். பெரியவர் ஒருவர் மறைந்த பின் பெட்டி திறக்கப்படும். காசுகள் கறுத்துக் கிடக்கும். அதைக் கண்டவுடன் வீட்டில் உள்ள ஒருவருடைய கை, தானாகவே புளியையோ பல்பொடியையோ தேடிச் செல்லும்.

இது இயல்பே. துலக்குதல் என்பது நம்மவரிடையே மரியாதையின் ஓர் அடையாளம். விழா வருமுன் குத்துவிளக்கைத் துலக்குகிறோம். விருந்தினர் வருமுன் செம்பையும் தட்டையும் துலக்குகிறோம். துலக்காமல் வைத்த பாத்திரம் அந்த வீட்டாரின் அசட்டையைக் காட்டும் என்பது நம் எண்ணம். ஆனால் பாத்திரத்துக்குப் பொருந்தும் இம்முறை காசுக்கும் பொருந்துமா? துலக்குவதால் ஒரு பழங்காசு பெறுவது என்ன, இழப்பது என்ன? இது வெறும் விலையைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், சற்று ஆழ்ந்து நோக்கினால் விலையோடு நின்றுவிடும் கேள்வி அல்ல என்பது விளங்கும்.

நாணயச் சாலையில் காசு பிறக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வது நலம். வட்டமாக வெட்டிய உலோகத் துண்டை, உருவும் எழுத்தும் குழிவாகச் செதுக்கிய இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில் வைத்துப் பெரும் விசையுடன் அழுத்துகிறார்கள். அந்த நொடியில் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள்ளும் விளிம்பை நோக்கியும் நகர்கிறது. அது நகர்ந்த தடங்கள், வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத மிக நுண்ணிய வரிகளாக மேற்பரப்பில் பதிந்துவிடுகின்றன. புதுக்காசு ஒன்றை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற ஒளிக்கீற்றுகள் அதன்மேல் சுற்றிவருவதைக் காணலாம். அந்த ஒளிக்கு இவ்வரிகளே காரணம். இதனை அக்காசின் பிறவிப் பொலிவு எனலாம். காசு அடிக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் இப்பொலிவு உண்டாகிறது. பல கைகளில் புழங்கப் புழங்க இது படிப்படியாகக் குறையும்; தேய்த்தாலோ ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். எவ்வளவு கைதேர்ந்த பொற்கொல்லரானாலும் அதை மீண்டும் உண்டாக்க இயலாது.

இனி, வெள்ளி ஏன் கறுக்கிறது என்று பார்ப்போம். அதை அழுக்கு என நாம் எண்ணுகிறோம். உண்மையில், காற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடுவதால் தோன்றும் ஒரு மெல்லிய படலமே அக்கறுப்பு. முதலில் இளமஞ்சளாகவும், பின்னர்ப் பழுப்பாகவும், சில வேளைகளில் நீலம் கலந்தும், இறுதியில் கறுப்பாகவும் அது மாறுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. பெட்டிக்குள் உறங்கிய காசில் அப்படலம் பல பத்தாண்டுகளில் சீராகப் படர்ந்திருக்கும். அதன் கீழே பிறவிப் பொலிவு பெரிதும் கெடாமல் இருக்கவும் கூடும்.

பல்பொடியில் சுண்ணத்தூளும், அடுப்புச் சாம்பலில் மணலைப் போன்ற நுண்துகள்களும் உள்ளன. அவற்றுக்குப் படலத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கத் தெரியாது. அடியிலுள்ள வெள்ளியையும் சேர்த்தே அராவிவிடுகின்றன. துலக்கி முடித்த காசு பளபளக்கிறது. ஆனால் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், நுண்ணிய கீறல்கள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் ஓடுவது தெரியும். கடைகளில் விற்கும் வெள்ளி துலக்கும் திரவம் கீறல் உண்டாக்காது என்பது உண்மையே. ஆயினும் கந்தகத்தோடு கூடிவிட்ட மேற்பரப்பு வெள்ளியை அது கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பலமுறை அதில் முக்கிய காசு, கழுவிய முகத்தில் மாவு பூசியதுபோல வெளிறிப் போகும்.

காசின் முகத்தில் நுட்பங்கள் எவ்வளவு சிறியவை என்பதை அறிந்தால் இதன் கேடு இன்னும் தெளிவாகும். 1862 எனப் பொறித்த விக்டோரியா ரூபாய்கள் அந்த ஓராண்டில் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. ஆண்டு எண்ணை மாற்றாமலே தொடர்ந்து பல ஆண்டுகள் அடித்துவந்தார்கள். காசில் இட்ட சிறு புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அவற்றை இன்று வகை பிரிக்கிறார்கள். ஊசிமுனை அளவே உள்ள அப்புள்ளிகளில்தான் ஒரு காசின் அருமையும் எளிமையும் அடங்கியுள்ளன.

1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் மற்றொரு சான்று. அதில் மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை உருவம் உண்டு. செதுக்கியவர் துதிக்கையைக் குறுக்கிவிட்டதால், அது பன்றியைப்போல் தோன்றி இசுலாமிய மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. அரசு அக்காசை வெளியிடுவதை நிறுத்தி, 1912ஆம் ஆண்டு முதல் யானையின் உருவைத் திருத்தி வெளியிட்டது. ஒரு பேரரசையே கையைப் பிசைய வைத்த அந்த யானை, ஓர் எள்ளைவிடச் சற்றே பெரியது. சாம்பல் தோய்ந்த தேங்காய் நார் அதன்மேல் நாலு முறை ஓடினால் போதும். அது யானையா பன்றியா என்று ஆராயவே வழியிராது.

எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். எங்கள் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் காலமானபோது, அவர் பாதுகாத்து வந்த 24 வெள்ளி ரூபாய்கள் பெட்டியில் இருந்தன. அவற்றுள் பல, தாயாரின் பாட்டிக்குத் திருமணத்தில் முறையாக வந்தவை. அதற்கும் முந்திய காலத்துக் காசுகளும் சில இருந்தன. எங்கள் தமக்கையார் மூத்தவர், அடுத்து நாம், நமக்குப் பின் தம்பியர் இருவர். முப்பதாம் நாள் முடிந்ததும் ஆளுக்கு ஆறாகப் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய இரவு தமக்கையார் தனியே அமர்ந்து, பல்பொடியும் பழந்துணியும் கொண்டு காசுகளைத் துலக்கத் தொடங்கினார். பன்னிரண்டு காசுகள் முடிந்தபோது அசதி மேலிட, எஞ்சியவற்றை அப்படியே வைத்துவிட்டு உறங்கப் போனார்.

மறுநாள் இளைய தம்பி, காசுகளின் மதிப்பை அறியும் பொருட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். ரயில்வே பணிமனையில் உலோகத்தோடு காலங்கழித்து ஓய்வுபெற்றவர். நாற்பது ஆண்டுகளாகக் காசு சேர்ப்பவர். தட்டில் ஒரு பக்கம் வெள்ளைக் காசுகள், மறு பக்கம் கறுத்த காசுகள். அவர் வெள்ளைக் காசுகளை ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்தார். பின்னர்க் கறுத்தவற்றுள் ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நம்மிடம் காட்டினார். "பாருங்க சாமி, இது அழுக்கு இல்ல, இதோட தோல். தோல உரிச்சுட்டா அப்புறம் வெறும் சதைதான்" என்றார். தட்டில் 1862ஆம் ஆண்டு ரூபாய்கள் இரண்டு இருந்தன. ஒன்று துலக்கியது, ஒன்று துலக்காதது. துலக்கியதற்கு வெள்ளியின் எடை விலைக்குச் சற்று மேலாகவும், துலக்காததற்கு ஏறக்குறைய அதன் மும்மடங்கும் தரலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

அவர் சென்ற பிறகு வீட்டில் ஓர் இறுக்கம் நிலவியது. "துலக்கினத எல்லாம் அக்கா பங்குல வச்சுட்டா முறையா இருக்கும்" என்று தம்பியருள் ஒருவர் மெதுவாகச் சொன்னார். கணக்கின்படி பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. தமக்கையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவ ஆறு வருசம் நான்தான் குளிப்பாட்டித் தலை வாரி விட்டேன். அவங்க வச்சுட்டுப் போனதக் கறுத்த காசாவே எப்படி உங்க கையில குடுக்கறதுன்னு தோணிச்சு. அதான் துலக்கினேன். எனக்கே குடுத்துடுங்க, நான் விக்கப் போறதில்ல" என்றார். அதற்குப் பின் எவரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. முன்பு பேசிய தம்பியே எழுந்து வந்து, வெள்ளையில் மூன்று கறுப்பில் மூன்று என நான்கு குவியல்களாகப் பிரித்து வைத்தார். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

அன்று பங்கீடு நேரியதாக முடிந்தது. எனினும் அதன் பின்னும் ஒரு சிந்தனை நம்மை விட்டு அகலவில்லை. அன்பினால் செய்த செயல் என்பதற்காகத் தேய்ந்த வெள்ளி திரும்பி வந்துவிடுவதில்லை. தாயாரும், அவருடைய தாயும், பாட்டியும் அக்காசுகளைக் காத்துவந்த ஆண்டுகள் அத்தனையும் அந்தக் கறுப்பில் படிந்திருந்தன. எந்த ஆண்டுகளைப் போற்ற வேண்டும் என்று தமக்கையார் விரும்பினாரோ, அந்த ஆண்டுகளின் சுவடே அவர் கைத்துணியில் ஒட்டிக்கொண்டு போயிற்று. மரபாக வந்த பொருளை அன்பு செய்தால் மட்டும் போதாது. அதை அறிந்துகொள்ளவும் வேண்டும் என்பதே நாம் கண்ட உண்மை.

வெள்ளியைவிடச் செம்பு நம்மை மிகுதியாகக் குழப்பக்கூடியது. செம்பில் படியும் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே உவமையாகக் காட்டுவதைத் தமிழ் கற்றோர் அறிவர். களிம்பு என்றாலே நீக்கத்தக்கது என்னும் எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. பழங்காசிலோ இருவகைக் களிம்புகள் உண்டு. ஒன்று காப்பது, மற்றொன்று அழிப்பது.

மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த செப்புக் காசின்மேல், செந்நிறமாகவும் அதன்மேல் கரும்பச்சையாகவும் கெட்டியான படிவம் உண்டாகிறது. கண்ணாடிபோல் வழவழப்பாக அது இறுகியிருந்தால், உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றும் நீரும் எளிதில் தாக்குவதில்லை. வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பல காசுகளில் எழுத்தும் உருவும் அடியிலுள்ள உலோகத்தில் நிற்பதில்லை. அப்பச்சைப் படிவத்தில்தான் நிற்கின்றன. மேற்பரப்பிலிருந்த உலோகமே படிவமாக மாறிவிட்டதால், படிவத்தைப் புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கரைத்தால் எழுத்தும் அதனோடு கரைந்து ஓடிவிடும். எஞ்சுவது, குழிகள் விழுந்த இளஞ்சிவப்பு வட்டத் தகடு ஒன்றே.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளால் சங்ககால வரலாறு எவ்வளவு ஒளி பெற்றது என்பதை நாம் அறிவோம். மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேரர் பெயர்களைத் தாங்கிய வெள்ளிக் காசுகளும், பெருவழுதி என்னும் பாண்டியன் பெயரைத் தாங்கிய செப்புக் காசும் நமக்குக் கிடைத்துள்ளன. தமிழ் பிராமி எழுத்தில் உள்ள அப்பெயர்கள் நெல்மணி அளவுகூட இல்லாதவை. ஏட்டில் மட்டும் பெயர் கேட்ட மன்னர் மரபுக்கு உலோகத்தில் கிடைத்த சாட்சி அது. அவற்றுள் ஒன்று, கண்டெடுத்த நாளிலேயே புளித் தண்ணீரில் ஊறியிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அழிக்கும் களிம்பு வேறு. அது இளம்பச்சை நிறத்தில், மாவைப்போல் உதிரும் தன்மையுடன், அங்கங்கே புள்ளிகளாகத் தோன்றும். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு கூடி உள்ளே தங்கியிருக்க, காற்றின் ஈரம் பட்டதும் அமிலம் உண்டாகி மேலும் செம்பை அரிக்கிறது. அந்த அரிப்பு மீண்டும் அமிலத்துக்கு வழிசெய்கிறது. இவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதால் இதனை 'வெண்கல நோய்' என்றே வல்லுநர் அழைக்கின்றனர். நம் கடலோர ஊர்களின் உப்புக் காற்று இதற்கு நல்ல துணை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டதற்குச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய இந்நோயே முதன்மைக் காரணம். இந்நோய் கண்ட காசை வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருப்பதும் அன்பாகாது. அதை மற்றக் காசுகளிடமிருந்து உடனே பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே, 'எதையும் தொடாதே' என்று பொதுப்படச் சொல்லிவிட முடியாது. எது பொருளைத் தின்கிறது, எது பொருளைக் காக்கிறது என்று பகுத்தறிந்த பிறகே கை நீள வேண்டும்.

துலக்குவதைப் போலவே துளையிடுவதும் வளையம் பற்றவைப்பதும் காசுக்குச் சிதைவே. காசுமாலைக்காகவும் குழந்தையின் அரைஞாணுக்காகவும் எத்தனையோ காசுகள் துளைபட்டிருக்கின்றன. பொன் கறுப்பதில்லை, ஆயினும் அது மெதுமையான உலோகம். வளையத்தைப் பற்றவைத்த சூட்டில் விளிம்பு உருகியிருக்கும். பின்னாளில் வளையத்தை அரத்தால் நீக்கினாலும் அந்தத் தழும்பு போகாது. 1918ஆம் ஆண்டில் பம்பாயில் சாவரின் காசுகள் அடிக்கப்பட்டன. ஆண்டு எண்ணுக்கு மேலே 'ஐ' என்னும் ஒரு சிறிய ஆங்கில எழுத்தே அவற்றின் அடையாளம். மாலையில் கோத்துக் கழுத்தில் உரசி உரசி அந்த எழுத்து மறைந்திருந்தால், அது எந்த நாட்டில் பிறந்தது என்பதையே காசு சொல்ல இயலாமல் போகிறது.

எனினும் துளைகள் யாவும் குறையல்ல. 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணாவின் துளை, போர்க்காலத்தில் உலோகத்தைச் சிக்கனப்படுத்த நாணயச் சாலையே இட்டது. பழைய வெள்ளிக் காசுகளில் சராப்புகள் மாற்றைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகளைக் காணலாம். அவை விலையைச் சற்றுக் குறைத்தாலும், அக்காசு எத்தனை கடைகளில் ஏறி இறங்கியது என்பதைச் சொல்லும் தழும்புகள் அவை. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமைப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய வெட்டு இருந்தது. அவை இனிக் காசாகச் செல்லாது, பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்காக வெட்டினார்களா, வேறு நோக்கம் இருந்ததா என்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். அந்த வெட்டு இல்லையேல் அவை அழகிய பொற்காசுகள் என்ற அளவில் நின்றிருக்கும். வெட்டு இருப்பதாலேயே உரோமை வணிகத்தைத் தமிழர் எவ்வாறு கையாண்டனர் என்னும் கேள்வியை நம் முன் வைக்கின்றன. தன் காலத்து வாழ்க்கையில் ஒரு பொருள் ஏற்ற காயம் வேறு. பிற்காலத்தார் அறியாமையால் இழைத்த காயம் வேறு. முன்னது அதன் வரலாற்றில் ஓர் ஏடு. பின்னது அவ்வேட்டில் கொட்டிய மை.

இனி விலையைப் பற்றிச் சில சொற்கள். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் ஆயிரத்துக்கு 917 பங்கு தூய வெள்ளி. அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி ஒவ்வொரு ரூபாயிலும் உண்டு. 1940ஆம் ஆண்டில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ரூபாய் முற்றிலும் நிக்கல். நகைக் கடைக்காரருக்குத் துலக்கிய காசும் துலக்காத காசும் ஒன்றே. அவர் உருக்கப் போகிறவர். காசைக் காசாகவே மதிப்பவரிடம்தான் வேறுபாடு தோன்றுகிறது.

1949ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஷெல்டன், தம் நாட்டுச் செப்புக் காசுகளின் நிலையை 1 முதல் 70 வரையுள்ள எண்களால் அளக்கும் முறையொன்றை வகுத்தார். முதல் நிலையில் உள்ள காசைப்போல் எழுபதாம் நிலையில் உள்ளது எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு நிலைக்கவில்லை. எண்கள் மட்டும் நிலைத்து, இன்று பல நாட்டுக் காசுகளும் அவ்வெண்களாலேயே தரம் பிரிக்கப்படுகின்றன. ஆனால் தேய்த்துத் துலக்கியதாகக் கண்டறிந்த காசுக்குத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் எண் வழங்குவதில்லை. 'துலக்கப்பட்டது' என்னும் குறிப்பையே எழுதித் தருகின்றன. ஒழுங்காகப் புழங்கித் தேய்ந்துபோன காசுக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. தன் வயதை மறைத்துப் புதிதாய்த் தோன்ற முயன்ற காசுக்கு இடமில்லை. 'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் நேர்மை என்ற பொருளும் இருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

மரபாக வந்த காசுகளைக் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. காசை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும். விரலின் வியர்வை முகத்தில் படலாகாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி உலர்த்தினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தூய அசிட்டோன் அதை நீக்கும். உலோகத்தை அது தாக்குவதில்லை. எளிதில் தீப்பற்றும் திரவம் ஆதலால் அடுப்பும் விளக்கும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும். மெதுமையான பி.வி.சி. நெகிழிப் பைகளில் வைத்தால் அவை நாளடைவில் பச்சைப் பிசினைக் கசியவிடும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பாலியெஸ்டர் உறையும், பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமானவை. பூமியைத் தோண்டுகையில் காசு கிடைத்தால் அது வேறு செய்தி. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமையாகும்.

எல்லாக் காசும் அரிய காசு என்று மயங்கவும் வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, பல கைகளில் புழங்கி முகம் மழுங்கிப்போன ரூபாயைத் துலக்கினால் விலையில் பெரிய வேறுபாடு தோன்றாது. அதன் பொலிவு முன்பே போய்விட்டது. நன்னிலையில் உள்ள காசுக்கே இழப்பு பெரிது. ஆனால் எது எந்த நிலையில் உள்ளது என்று அறியும்வரை, அறியாத கை விலகி நிற்பதே அறிவுடைமை.

நாம் அக்காசுகளுக்கு உரிமையாளர் என்று எண்ணிக்கொள்கிறோம். நமக்கு முன் அவற்றை வைத்திருந்தவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். அவர்கள் போனார்கள், காசு இருக்கிறது. நமக்குப் பின்னும் இருக்கும். இடையில் சில காலம் அதைத் தாங்கி நிற்பவர் நாம். வாங்கியது எவ்வாறு வந்ததோ அவ்வாறே கொடுத்துச் செல்வதுதான் அத்தகையவருக்கு அழகு.

பழங்காசைக் கண்டு எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால், செய்வதற்குப் பயனுள்ள பணி ஒன்று உண்டு. சிறு தாள் ஒன்றை எடுத்து, இக்காசு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது, எந்த நிகழ்ச்சியில் கொடுக்கப்பட்டது என்று நினைவில் உள்ளதை எழுதி, நாளிட்டு, காசின் உறையோடு வைத்துவிடலாம். நம் பேரர்கள் பெட்டியைத் திறக்கும் நாளில், கறுத்த காசு ஒன்றையும் அதன் வழி சொல்லும் தாள் ஒன்றையும் சேர்த்தே காண்பார்கள். புளியைத் தேடிப் போகுமுன் அதைப் படிப்பார்கள்.